தம்பியின் விரல் போய்விட்டது, "வீட்டில் அடிபட்டது என்று சொல்" என்கிறார்கள்

ஜூரு_அக்கா | செவ்வாய், இரவு 11.40

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று எழுத வேண்டியதாகிவிட்டது.

என் தம்பிக்கு 26 வயது. மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறைப் பக்கம் தகடு அடிக்கும் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறான். நேற்று விடியற்காலை மூன்று மணி வாக்கில், நைட் ஷிஃப்டில், வலது கை உள்ளே இருக்கும்போதே மெஷின் இறங்கிவிட்டது. சுட்டுவிரலில் இரண்டு கணு போய்விட்டது. நடுவிரலில் நரம்பு அறுந்து தைத்திருக்கிறார்கள். பக்கத்து மெஷின் நேப்பாளிப் பையன்தான் துண்டைத் தேடி எடுத்து, கேன்டீன் ஐஸ் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்தானாம். ஒட்ட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இன்று சாயங்காலம் கம்பெனி ஆள் வார்டுக்கே வந்தார். ஒரு பழக்கூடை, கூடவே ஒரு தாள். இரண்டு மாதம் முழுச் சம்பளமும் கையில் 3,000 வெள்ளியும் (ரிங்கிட்) தருவார்களாம். யார் கேட்டாலும் வீட்டில் மோட்டார் சைக்கிள் சங்கிலி மாட்டும்போது அடிபட்டது என்று சொல்ல வேண்டுமாம். தொழிலாளர் காப்புறுதி நிறுவனமான சொக்சோவுக்குப் போனால் "ரொம்ப நாள் இழுக்கும், உனக்குத்தான் கஷ்டம்" என்கிறார். தம்பி கையெழுத்துப் போடவில்லை, போடுவதற்குக் கையும் இல்லை. பரவாயில்லை, இடது கட்டைவிரல் ரேகை போதும் என்று மை தடவும் பெட்டியையும் பையிலிருந்து எடுத்தார்.

அம்மா, வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். நாளை காலை பத்து மணிக்கு அவர் மறுபடி வருவார். என்ன செய்வது?


பழைய_பிரஸ்காரன் | செவ்வாய், இரவு 11.58

தங்கச்சி, ரேகை வைக்க வேண்டாம். மற்றதை அப்புறம் பேசலாம்.

எனக்கும் வலது கைதான், சுட்டுவிரல்தான். 1998, பொருளாதாரம் படுத்திருந்த வருடம். எங்கள் தவுக்கே, அதான் முதலாளி, நல்லவர்தான், பொய் சொல்ல மாட்டேன். 1,500 வெள்ளியைக் கவரில் போட்டுக் கொடுத்து, "நீ என் பிள்ளை மாதிரி, வேலை எப்போதும் இருக்கும்" என்றார். சொக்சோவுக்கு ஒன்றும் போகவில்லை. இரண்டு வருடத்தில் ஆலையே மூடிவிட்டது. அடுத்த கம்பெனியில் இன்டர்வியூவுக்குப் போனால் முதலில் என் கையைத்தான் பார்த்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிரிக்காதீர்கள். சுட்டுவிரல் இல்லாமல் ரசம் சாதம் சாப்பிட்டுப் பாருங்கள். கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் இருக்கும். பிசைந்து எடுத்தால் பாதி வாய்க்கும் மீதி முழங்கைக்கும் போகும். கல்யாண வீட்டில் இலை போட்டால் ஸ்பூன் கேட்பேன். பந்தி பரிமாறுகிற பையன்கள் "பெரிய துரை" என்று முணுமுணுப்பார்கள். என் மாமியாரே ஒரு வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார், ஏனென்றால் நான் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுப்பதே இல்லை.


சம்பளக்_கிளார்க் | புதன், காலை 6.15

வேலைக்குக் கிளம்பும் முன் வேகமாக எழுதுகிறேன். பாயான் லெப்பாஸில் 17 வருடமாகச் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். சொக்சோ கோப்புகளை அனுப்புவதும் என் மேசையிலிருந்துதான்.

வேலையிடத்தில் விபத்து என்று தெரிந்தால் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை. 1969ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அந்த நேரம் தாண்டினால் தம்பியின் உரிமை போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். தாமதம் கம்பெனியின் தலைவலி. அவர்கள் அனுப்ப மறுத்தால் நீங்களே அடையாள அட்டை, எம்.சி. (டாக்டர் தரும் விடுப்புச் சீட்டு), பஞ்ச் கார்டின் படம், சம்பளச் சீட்டு இவற்றோடு சொக்சோ அலுவலகத்துக்குப் போகலாம். எத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு வேலை விபத்துக்குக் கிடையாது. முதல் நாள் வேலைக்குப் போய் அடிபட்டாலும் பாதுகாப்பு உண்டு.

இப்போது பணம். அடிபட்ட நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் எம்.சி. இருந்தால் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். தம்பிக்கு ஓ.டி. (ஓவர்டைம்) சேர்த்து மாதம் 2,400 என்று வைத்துக்கொள்வோம். நாளுக்குச் சுமார் 80, அதில் 64 வெள்ளி. இரண்டு மாதத்துக்கு 3,840. இது எம்.சி. ஓடும் வரைக்கும் மட்டும்.

நிரந்தர இழப்புக்குக் கணக்கு வேறு. அங்கே 90 விழுக்காடு, அதாவது நாளுக்கு 72. அதில் எத்தனை விழுக்காடு இழப்பு என்று பார்ப்பார்கள். சட்டத்தின் அட்டவணையில் சுட்டுவிரல் முழுதாகப் போனால் 14, இரண்டு கணு போனால் 11, கட்டைவிரல் போனால் 30. தம்பியின் நடுவிரல் எவ்வளவு மடங்குகிறது என்பதை டாக்டர்கள் குழுவான மெடிக்கல் போர்டு பார்த்துச் சொல்லும். சுட்டுவிரலுக்கு மட்டும் என்றால் 72இல் 11 விழுக்காடு, 7 வெள்ளி 92 காசு.

ஓ.டி. பணமும் சொக்சோ கணக்கில் சேரும். சம்பளச் சீட்டில் ஓ.டி.யைப் பிரித்து வேறு தாளில் கொடுக்கும் கம்பெனிகள் உண்டு. அதைப் பாருங்கள்.

முக்கியமான ஒன்று: அவசரப் பிரிவில் என்ன எழுதியிருக்கிறார்கள்? எப்படி அடிபட்டது என்று முதலில் பதிந்த வரியைக் கேட்டுப் பாருங்கள்.


நாசி_கண்டார்_பக்தன் | புதன், காலை 7.02

நாளுக்கு 7.92? கோழி வைத்தால் ஒரு தட்டு நாசி கண்டாருக்கே (சோறும் கறியும்) காணாது. இதற்கா இவ்வளவு ஓட்டம்?


சம்பளக்_கிளார்க் | புதன், காலை 7.20

பஸ்ஸில் இருக்கிறேன். மாதத்துக்குச் சுமார் 237 வெள்ளி, வருடத்துக்கு 2,800க்கு மேல். பையனுக்கு 26 வயது. கம்பெனி கொடுக்கும் 3,000 ஒரு வருடத்துக் காசு. நடுவிரல் கணக்கு இதில் சேரவே இல்லை. இப்போது சொல்லுங்கள்.


ஜூரு_அக்கா | புதன், காலை 8.45

ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறேன். நர்ஸ் அக்காவிடம் கேட்டேன், அட்டையைப் புரட்டிக் காட்டினார். மலாயில் "தொழிற்சாலையில் மெஷினில் கை சிக்கியது" என்று எழுதியிருக்கிறது, நேரம் 3.50. கம்பெனி ஆள் வேனை நிறுத்தப் போன நேரத்தில் கவுன்டரில் நின்றது அந்த நேப்பாளிப் பையன்தானாம். என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறார்கள், நடந்ததைச் சொல்லியிருக்கிறான்.


பழைய_பிரஸ்காரன் | புதன், காலை 8.51

அந்தப் பையனுக்கு ஒரு நல்ல சாப்பாடு வாங்கிக் கொடு தங்கச்சி. அந்த அட்டையை ஒரு படமும் எடுத்து வை.


சூப்பர்வைசர்_2010 | புதன், மதியம் 12.30

எல்லாரும் கம்பெனியையே திட்டுகிறீர்கள். நானும் பிரஸ் லைன் பார்க்கிறவன். மெஷினில் இரண்டு பட்டன் எதற்கு? இரண்டு கையும் வெளியே இருந்தால்தான் இறங்கும். அப்படியிருக்க கை எப்படி உள்ளே போகும்? ஒரு பட்டனில் டேப் சுற்றியிருப்பார்கள். நான் எத்தனை தடவை பிய்த்து எறிந்திருக்கிறேன். நான் அந்தப் பக்கம் போனதும் மறுபடி ஒட்டுவார்கள். பிரீஃபிங்கில் தலையாட்டுவார்கள், அப்புறம் பழைய கதை. கொஞ்சம் நம்மவர்களின் அலட்சியத்தையும் பேசுவோம்.


சேஃப்டி_தம்பி | புதன், மதியம் 1.10

அண்ணே, டேப் ஒட்டுகிறார்கள் என்பது உண்மை. நானும் பார்த்திருக்கிறேன். டேப் மட்டுமில்லை. ஐஸ்கிரீம் குச்சி, மடித்த அட்டை, ஓரிடத்தில் ஐம்பது காசு நாணயம். கண்ணுக்குத் தெரியாமல் ஒளிக்கதிர் பாயும் சென்சார் இருக்கிறதே, அதைக் கண்ணாடித் துண்டு வைத்து ஏமாற்றிய ஆளும் உண்டு. கெட்டிக்காரன், வேறு இடத்தில் பிறந்திருந்தால் இன்ஜினியர்.

ஆனால் ஏன் ஒட்டுகிறார்கள் என்று ஒருநாள் ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கொண்டு நின்றேன். இரண்டு கையால் அழுத்தி, விட்டு, பொருளை எடுத்து, அடுத்ததை வைத்து ஓட்டினால் மணிக்கு 400 துண்டுதான் வருகிறது. போர்டில் எழுதியிருக்கும் டார்கெட் 550. ஒரு கை பட்டனிலும் ஒரு கை அச்சிலுமாக வேலை செய்தால்தான் 550 வரும். அதாவது டேப் ஒட்டினால்தான் வரும் என்று கணக்குப் போட்டே 550 எழுதியிருக்கிறார்கள். நீங்கள் டேப்பைப் பிய்க்கிறீர்கள், சரி. அன்றைக்கு டார்கெட்டையும் குறைத்தீர்களா?

டேப் ஒட்டினான் என்பதற்காகப் பையனுக்குச் சொக்சோ இல்லை என்று ஆகாது. யாருடைய தப்பு என்று பார்த்துப் பங்கு போடும் திட்டம் அல்ல அது. இந்தப் பயத்தைக் காட்டித்தான் பாதிப் பேரின் வாயை அடைக்கிறார்கள்.

விரல் துண்டாகும் விபத்து என்றால் கம்பெனி தொழிலியல் பாதுகாப்பு இலாகாவுக்கும் உடனே தெரிவித்து, ஏழு நாளுக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். 2024 ஜூன் 1 முதல் சட்டம் இன்னும் இறுகிவிட்டது. பழைய தொழிற்சாலை, இயந்திரச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள், 50,000 வெள்ளி வரை இருந்த அபராதம் 500,000 வரை போகும். வார்டுக்குப் பழக்கூடை வருவதற்குக் காரணம் அந்த எண்தான் என்று நினைக்கிறேன்.


சூப்பர்வைசர்_2010 | புதன், மதியம் 1.34

டார்கெட் என் கையில் இல்லை தம்பி. மேலேயிருந்து வருகிறது.


சேஃப்டி_தம்பி | புதன், மதியம் 1.36

அதைத்தான் அண்ணே நானும் சொல்கிறேன்.


மதுரைக்காரன்_பினாங்கில் | புதன், மாலை 4.20

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் ஊரிலிருந்து வந்து இங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறேன். போன வருடம் தேங்காய் துருவும் மெஷினில் என் கூட்டாளியின் உள்ளங்கை கிழிந்து ஒன்பது தையல். வெளிநாட்டு ஆளுக்குச் சொக்சோ கிடையாது என்று சொல்லி, நான்காம் நாளே பிளாஸ்டிக் பையைக் கையில் கட்டிக்கொண்டு பாத்திரம் கழுவ வைத்தார்கள். உண்மையிலேயே கிடையாதா?


சம்பளக்_கிளார்க் | புதன், மாலை 5.45

உண்டு. 2019 ஜனவரி 1 முதல் முறையான பெர்மிட்டில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலை விபத்துத் திட்டம் பொருந்தும். அந்தத் திட்டத்துக்கான சந்தா 1.25 விழுக்காடு, அதை முதலாளிதான் கட்ட வேண்டும். அதற்காக உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. கட்டவில்லை என்றாலும் சொக்சோவில் போய்ச் சொல்லுங்கள், பதியாமல் விட்டது அவர்கள் செய்த குற்றம். கூட்டாளியின் விரல்கள் முழுதாக மடங்குகின்றனவா என்று முதலில் பாருங்கள்.


ஓ.டி._தங்கை | புதன், இரவு 9.05

என் பெயரில் இருக்கும் ஓ.டி. ஓவர்டைம் அல்ல. ஆக்குபேஷனல் தெரப்பி, அன்றாட வேலைக்குக் கையைப் பழக்கும் சிகிச்சை. அரசாங்க ஆஸ்பத்திரியில் கை நோயாளிகளைத்தான் பார்க்கிறேன்.

அக்கா, முதலில் அந்த நேப்பாளித் தம்பிக்கு ஒரு சேதி. விரல் ஐஸில் நேராகப் பட்டதால்தான் ஒட்ட முடியவில்லை என்று அவன் மனதில் போட்டுக் குழம்பக் கூடாது. பிரஸ் மெஷினில் நசுங்கிய விரலில் ஒட்டுவதற்கு ரத்தக்குழாயே மிஞ்சாது. கத்தியில் பட்டதுபோல் சுத்தமாக வெட்டுப்பட்டால்தான் அதிக வாய்ப்பு. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: துண்டை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். ஐஸ் சதையைத் தொடவே கூடாது. கையில் மோதிரம் இருந்தால் வீங்கும் முன் கழற்றிவிடுங்கள்.

இனிமேல் தம்பிக்கு என்ன நடக்கும் என்று சொல்கிறேன். வெட்டுப்பட்ட விரலைவிட நடுவிரல்தான் எனக்குக் கவலை. தைத்த நரம்பு என்று நாம் சொல்வது உண்மையில் தசைநார். விரலை மடக்கும் பக்கத்து நார் என்றால் சுமார் ஆறு வாரம் விரலைத் தாங்கும் கட்டான ஸ்ப்ளிண்ட் போட்டிருப்பார்கள். அந்த நாட்களில் இரண்டு விதமாகக் கெடும். வலிக்குப் பயந்து அசைக்காமல் விட்டால் நார் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும், விரல் குச்சி மாதிரி நின்றுவிடும். சரியாகிவிட்டது என்று தண்ணீர் பாட்டிலை இறுக்கிப் பிடித்தால் தையல் பட்டென்று அறுந்துவிடும். ஐந்தாவது வாரத்தில் மோட்டாரை ஸ்டார்ட் செய்து கிளட்சைப் பிடித்து அறுத்துக்கொண்டு வந்த பையன்களை வருடத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். பாரமான வேலைக்கு மூன்று மாதமாவது ஆகும். கம்பெனி "லைட் டியூட்டி" என்று கூப்பிட்டால், என்ன வேலை என்று டாக்டரிடம் எழுதிக் காட்டிய பிறகு போகச் சொல்லுங்கள். லைட் டியூட்டி என்று போய்ப் பெட்டி தூக்கியவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், இல்லாத விரல் அரிக்கும். நடு இரவில் எழுந்து இல்லாத நகத்தைச் சொறியப் போவான். பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்ல மாட்டான். அது பலருக்கும் வருவதுதான் என்று இப்போதே சொல்லி வையுங்கள். வெட்டுப்பட்ட நுனியில் தொட்டால் ஷாக் அடித்த மாதிரி இருக்கும். ஏர்கான் குளிரில் வலிக்கும். அரிசிக்குள் கையை விட்டு அளைவது, பஞ்சு, துண்டு, பிரஷ் என்று ஒன்றொன்றாகத் தொட்டுப் பழக்குவோம்.

அவன் கை எதற்குப் பழக்கப்பட்டது? பாட்டு, விளையாட்டு ஏதாவது?


ஜூரு_அக்கா | புதன், இரவு 10.30

உறுமி அடிப்பான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் குழுவில் ஆறு வருடமாக இருக்கிறான். இதை எழுதும்போதுதான் எனக்கே தொண்டை அடைக்கிறது.

காலையில் அந்தக் கம்பெனி ஆள் வந்தார். அம்மாவே பேசினார். "என் பிள்ளை ராத்திரி மூன்று மணிக்கு வீட்டில் மோட்டார் சங்கிலி மாட்டினானா தம்பி? நான் அப்போது முழித்திருந்தேனே" என்றார். அவர் ஒன்றும் பேசவில்லை. தாளை மடித்து வைத்துக்கொண்டார். பழத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

மாலையில் போன். சொக்சோவுக்கு அவர்களே அனுப்பிவிடுகிறார்களாம்.


கோர்ட்டுக்குப்_போ | வியாழன், காலை 10.15

எல்லாரும் 7.92க்குக் கணக்குப் போடுகிறீர்கள். நல்ல வக்கீலாகப் பிடித்து கம்பெனி மேல் லட்சக்கணக்கில் வழக்குப் போடுங்கள்.


சம்பளக்_கிளார்க் | வியாழன், மதியம் 12.50

இந்த ஆசையைக் காட்டி முன்பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். சொக்சோவின் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவைப் படியுங்கள். சொக்சோ பாதுகாப்பில் இருக்கும் தொழிலாளி, வேலை விபத்துக்காக முதலாளி மேல் நஷ்ட ஈடு வழக்குப் போட முடியாது. எனக்கும் அந்தப் பிரிவு பிடிக்காது. ஆனால் இருக்கிறது.

வேலையை விட்டு நிறுத்தினால் அது வேறு விஷயம். நிறுத்திய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். 61ஆம் நாள் போனால் பேச்சு இல்லை. மெடிக்கல் போர்டு சொல்லும் விழுக்காடு குறைவு என்று தோன்றினால் மேல்முறையீட்டுக்கு 90 நாள். இந்த இரண்டு எண்ணையும் காலண்டரில் எழுதி வையுங்கள்.


பழைய_பிரஸ்காரன் | வியாழன், இரவு 8.40

நிரந்தர இழப்புக்கான சொக்சோ பணத்தை மொத்தமாக வாங்குவதா, மாதாமாதம் வாங்குவதா என்று அடுத்து சண்டை வரும். இழப்பு 20 விழுக்காடு வரைக்கும் என்றால் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் ஐந்தில் ஒரு பங்குதான் மொத்தமாகத் தருவார்கள், மீதி ஆயுசுக்கும் வரும். என்னோடு வேலை செய்த ஒருவர் பிற்பாடு மொத்தமாக வாங்கினார். மச்சான் பெயரில் கார், நான்கு வருடத்தில் காரும் இல்லை, மச்சானும் இல்லை. இன்னொருவர் அதே மாதிரி வாங்கி, புக்கிட் மெர்தாஜாமில் மோட்டார் பட்டறை போட்டு நன்றாக இருக்கிறார். ஆளைப் பொறுத்தது. என்னைக் கேட்டால், மச்சான் இருக்கும் வீடு என்றால் மாதாமாதம்.

தங்கச்சி, உறுமியில் வலது கைக்குக் குச்சிதானே? கட்டைவிரலும் கடைசி இரண்டு விரலும் இருந்தால் குச்சி நிற்கும். நான் இருபத்தைந்து வருடமாகச் சுத்தியல் பிடிக்கிறேன்.


ஓ.டி._தங்கை | வியாழன், இரவு 9.15

ஐயா சொல்வது சரி. பிடியைத் தடிமனாக்கித் தரலாம், அது எங்கள் வேலைதான். ஆனால் ஆறு வாரத்துக்குக் குச்சி கண்ணிலேயே படக் கூடாது. மறுபடி வேலைக்குச் சேர்க்கும் திட்டம் என்று சொக்சோவில் 2007லிருந்து ஒன்று இருக்கிறது. தம்பிக்கென்று ஓர் அதிகாரியைப் போடுவார்கள், தேவைப்பட்டால் மலாக்காவில் இருக்கும் அவர்களுடைய மறுவாழ்வு மையத்துக்கும் அனுப்புவார்கள். எம்.சி. முடியும் வரை காத்திருக்காமல் இப்போதே கேளுங்கள்.


ஜூரு_அக்கா | அடுத்த வாரம் செவ்வாய், இரவு 10.10

எழுதத் தாமதமாகிவிட்டது. சொக்சோவுக்கு வந்த அறிக்கையின் நகலை வாங்கிவிட்டேன். அதில் "தொழிலாளி பாதுகாப்பு விதியை மீறினார்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். சேஃப்டி தம்பி முன்பே சொன்னதால் பதறவில்லை. பாதுகாப்பு இலாகாவிலிருந்து இரண்டு அதிகாரிகள் கம்பெனிக்கு வந்து மெஷினைப் படம் எடுத்துப் போனார்களாம். நேப்பாளிப் பையன்தான் சொன்னான். அந்த மெஷின் நிற்கிறது. அடுத்த மெஷினில் இவனைப் போட்டிருக்கிறார்கள். அதில் டேப் இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தான், பதில் சொல்லவில்லை.


சேஃப்டி_தம்பி | அடுத்த வாரம் செவ்வாய், இரவு 10.22

அவனை எனக்கு மெசேஜ் போடச் சொல்லுங்கள். மலாயில் எழுதினால் போதும்.


ஜூரு_அக்கா | அடுத்த வாரம் செவ்வாய், இரவு 10.40

சொல்கிறேன். ஒரு சின்ன உதவியும் வேண்டும். நாளை மறுநாள் ஸ்ப்ளிண்ட் சரிபார்க்க ஒன்பது மணிக்குப் போக வேண்டும். எனக்கு லீவு முடிந்துவிட்டது, அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. தம்பி மோட்டாரிலேயே போய்விடுகிறேன் என்கிறான். ஓ.டி. தங்கை எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டுச் சாவியை ஒளித்து வைத்திருக்கிறேன். ஜூருவிலிருந்து யாராவது அந்தப் பக்கம் போகிறீர்களா?


பழைய_பிரஸ்காரன் | அடுத்த வாரம் செவ்வாய், இரவு 10.44

நான் சிம்பாங் அம்பாட். எட்டு மணிக்கு வாசலில் நிற்கச் சொல். வெள்ளை வேன். காலையில் எதுவும் சாப்பிடாமல் வரட்டும், போகும் வழியில் இரண்டு பேரும் ஸ்பூனில் சாப்பிட்டுக்கொள்கிறோம்.